விழாத அட்டைகள்

ஆலந்தலையில் கிளாடிஸ் ஏசத் தொடங்கினால் மணப்பாடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் வாடைக்காற்று அடிக்கிற நாளில் அதை யாரும் அடித்து மறுக்க மாட்டார்கள். ஏச்சு யாருக்கு என்று கேட்கவே வேண்டாம், புருஷன் ரோச்சுக்குத்தான். மணல் காலோடு குசினிக்குள் வந்ததற்கு ஏச்சு. பூசை முடிந்து சாமியாரிடம் அனாவசியமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதற்கு ஏச்சு. ரோச் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “செவிடன் மாதிரி நடிக்கிறதப் பாரு” என்று அதற்கும் ஒன்று விழும். அப்போது மட்டும் அவன் உதட்டோரம் சிரிப்பான். அவள் ஏசாமல் இருந்த நாட்களில் அவனே போய், “என்னளா, மேலுக்குச் சரியில்லையா?” என்று விசாரித்ததும் உண்டு.

ரோச் சங்கு குளிக்கிறவன். சீசன் வந்தால் ஆலந்தலையிலிருந்து ஒரு கூட்டமாகத் தூத்துக்குடிக்குப் போய், தோணியில் கடலுக்குள் போய், கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் இறங்கிச் சங்கு பொறுக்குவார்கள். மூச்சை அடக்குவதில் ரோச்சை மிஞ்ச அந்தத் தோணியில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவனுக்குத்தான் இருமல் வந்தது. முதலில் சளி, பிறகு மாலைக் காய்ச்சல், பிறகு ஒருநாள் கைலியில் இரத்தம். கிளாடிஸ் அவனைத் தெரு நீளத்துக்கும் ஏசிக்கொண்டே கோயில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

கோயில் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரே ஒரு டாக்டர். அந்த டாக்டர் ஆக்னஸ், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவள், அவளும் கடற்கரைக்காரிதான். தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்டாக இருந்த அப்பா நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கப் பார்த்தார். இவள் மெடிக்கல் காலேஜ் முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “டி.பி.தான். பயப்பட வேண்டாம். தினமும் காலையில வந்து ஊசி போட்டுக்கணும், மாத்திரை விடாமச் சாப்பிடணும்” என்றாள்.

“ஆள் பழையபடி ஆயிருவாரா டாக்டரம்மா?” என்று கேட்டாள் கிளாடிஸ். அன்றைக்கு அவள் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

“பழையபடி உன்கிட்ட ஏச்சு வாங்குற மாதிரி ஆக்கித் தாரேன். நான் பொறுப்பு” என்றாள் ஆக்னஸ்.

சொல்லிவிட்டு ஒரு தடித்த அட்டையை எடுத்து ரோச்சின் பெயரை எழுதினாள். அட்டையின் நாலு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். ஒரு சின்னக் கத்தரியால் சில துளைகளின் ஓரத்தை வெளிப்பக்கமாக வெட்டிவிட்டாள். கிளாடிஸுக்கு அது என்ன வேலை என்று புரியவில்லை. அச்சடித்த நல்ல அட்டையை ஏன் இந்த அம்மா கத்தரித்து வீணாக்குகிறது என்று நினைத்தாள்.

அந்த அட்டை டாக்டர் எபனேசரின் யோசனை. அவருக்குத் தூத்துக்குடியில் கிளினிக். உப்பளத்து ஜனங்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், எதையாவது பிடித்தால் விட மாட்டார். இங்கிலீஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் அங்கத்திய கிராமத்து டாக்டர்கள் ஒன்றுகூடி இப்படி அட்டை வைத்து ஆராய்ச்சி செய்வதாகப் படித்துவிட்டு, நாம் மட்டும் என்ன குறைச்சல் என்று கிளம்பிவிட்டார். உடன்குடியில் பிராக்டிஸ் செய்த வெள்ளத்துரையையும் ஆக்னஸையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் அது.

“பெரிய ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி பண்ணுதவன் பாக்குறது முத்திப்போன கேஸை. ஜனங்க முதல்ல வாரது நம்மகிட்டத்தான். நாம பாக்குறதை எவனும் சேத்து வச்சுப் பாக்கலை. மூணு பேரும் ஒரே அட்டை, ஒரே துளை, ஒரே அர்த்தம்னு வச்சுக்கிட்டா மூணு ஊரும் ஒரே ஆஸ்பத்திரி ஆயிரும்” என்றார்.

“மெட்ராஸ்ல இதுக்குக் கம்ப்யூட்டர்னு ஒரு மெஷின் வந்திருக்காம் அண்ணாச்சி. ஒரு ரூம் முழுக்க இருக்குமாம்” என்றார் வெள்ளத்துரை.

“இருக்கட்டும் வே. நமக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் போதும்.”

உண்மையிலேயே சைக்கிள் ஸ்போக்ஸ்தான். மேல்வரிசைத் துளைகள் நோய்க்கு, வலது பக்கம் மருந்துக்கு, இடது பக்கம் தொழிலுக்கு, கீழ்வரிசை ஊருக்கு. ஒருவனுக்கு டி.பி. என்றால் டி.பி. துளையின் ஓரத்தை வெட்டிவிட வேண்டும். பிறகு அட்டைக்கட்டை ஒழுங்காக அடுக்கி, டி.பி. துளைக்குள் கம்பியைக் கோத்துத் தூக்கி ஓர் உலுக்கு உலுக்கினால், வெட்டிய அட்டைகள் மட்டும் நழுவி மேசையில் விழும். வெட்டாதவை கம்பியிலேயே தொங்கும். விழுந்ததை எடுத்து அடுத்த துளையில் கம்பியை விட்டால், டி.பி.க்காரர்களில் உப்பளத்துக்காரர் யார் யார் என்று தெரிந்துவிடும். சிவகாசியில் அட்டை அடித்து வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு மூன்று பேரும் தங்கள் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு எபனேசர் கிளினிக்கில் கூடுவதென்று ஏற்பாடு.

கூடினார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்பது சரி. ஓரத்தில் இருக்கிற துளைகளோ கொஞ்சம், மூன்று டாக்டர்களுக்கும் ஆசையோ அதிகம். பனையிலிருந்து விழுந்து அடிபட்டவர்களுக்குத் தனித்துளை வேண்டும் என்று வெள்ளத்துரை முறைத்துக்கொண்டு காப்பி குடிக்காமல் இருந்தார். அவரே உடன்குடியிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியில் போட்ட காப்பி அது. உப்பு வெள்ளையில் வேலை பார்த்துக் கண் கூசுகிறவர்களுக்கு ஒரு துளை வேண்டுமென்று எபனேசர் நின்றார். ஆக்னஸ் கேட்டது காதுக்கு. சங்கு குளிக்கிறவர்களுக்குக் காதில் தண்ணீர் அழுத்திச் சவ்வு கிழிவதும் சீழ் வடிவதும் இரைச்சல் கேட்பதும் சாதாரணம். அதை எழுதாமல் ஆலந்தலையைப் பற்றி என்ன எழுதுவது என்று வாதாடி வாங்கிக்கொண்டாள்.

வினை அந்தத் துளையில் வந்தது. முதல் தடவை காதுத் துளையில் கம்பியைக் கோத்து உலுக்கியபோது ஆலந்தலை அட்டைகளாகப் பொலபொலவென்று கொட்டின. உப்பளத்து அட்டையும் உடன்குடி அட்டையும் அதற்குள் எங்கேயோ புதைந்துபோயின.

“இது என்ன, மீனை மொத்தமா அள்ளுற மடி வலையா? இந்தப் பாடு விழுது” என்றார் வெள்ளத்துரை. “குளியாளுக்குக் காது நோவுன்னு எழுதுறதும் மீனுக்கு ஈரம்னு எழுதுறதும் ஒண்ணுதானம்மா.”

எபனேசர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆக்னஸும் சிரித்தாள், ஆனால் முகம் சிவந்துவிட்டது. தன் ஊர் அட்டைகள் மற்ற இருவருடைய வேலையையும் கெடுப்பதாக அவளுக்குப் பட்டது. நியாயமான ஆள் என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த ஆசை வந்தால் யாருக்கும் கண் கொஞ்சம் மறைக்கும். “அப்போ ஒண்ணு செய்வோம் சார். சங்குத் தொழில்னு இடது பக்கம் வெட்டியிருந்தாலே காது நோவு உண்டுன்னுதான் அர்த்தம். அவங்களுக்குக் காதுத் துளையை வெட்ட வேண்டாம். மத்தவங்களுக்கு மட்டும் வெட்டுவோம்” என்றாள்.

இதைவிட நேர்த்தியான தீர்வு கிடையாது என்று எபனேசர் மெச்சினார். பதிலுக்கு வெள்ளத்துரையும் பனையேறிகளின் முழங்கால் வலியை விட்டுக்கொடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு விதியை உண்டாக்கிய சந்தோஷத்தில் அன்றைக்குக் காப்பி இரண்டாம் தடவையும் வந்தது. மறுநாள் ஆலந்தலைக்குத் திரும்பிய ஆக்னஸ் புது அட்டைகளாக எடுத்து, சங்குக்காரர்களுடையதை எல்லாம் காதுத் துளை வெட்டாமல் மறுபடி எழுதினாள்.

ரோச்சின் அட்டை அதற்குப் பிறகு வந்தது. அதிலும் காதுத் துளை முழுசாக இருந்தது.

ஊசி அவன் உடம்புக்குப் பிடித்தது. காய்ச்சல் நின்றது, சோறு இறங்கியது, கன்னத்தில் சதை போட்டது. அவன் தோணியில் கூடப் போகிற இன்னும் மூன்று பேருக்கும் அதே நோய் இருந்தது. ஒரே தோணியில் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தவர்கள்தானே. அவர்களும் ஊசிக்கு வந்தார்கள். அந்த ஊசி மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் காதைக் கெடுக்கும், தலைசுற்றலைக் கொண்டுவரும் என்பது ஆக்னஸுக்குத் தெரியாததில்லை. மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும். அதனால் அவள் கேட்கத்தான் செய்தாள்.

“காது எப்படி இருக்கு ரோச்?”

“இரையுது டாக்டரம்மா. அது தண்ணிக்குள்ள போறவனுக்கு உள்ளதுதான.”

பக்கத்தில் நின்ற கிளாடிஸ் விடுவாளா? “இவருக்கா காது கேக்காது? தேங்காய் உடைக்கணும்னா கேக்காது. ‘ரோச்சு, வாலே ஒரு டீ குடிப்போம்’னு எவனாவது தெருக்கோடியில சொல்லட்டும், கேட்டுரும்” என்றாள். வராந்தாவே சிரித்தது. ஆக்னஸ் அவன் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். சவ்வில் பழைய தழும்பு இருந்தது. சங்குக்காரன் காது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு ஊசி போட்டாள்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிறு, எபனேசர் பரபரப்பாக இருந்தார். அவருடைய உப்பளத்து நோயாளிகளில் டி.பி. ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண் காது அடைக்கிறது என்று சொல்லியிருந்தாள். நம்மிடம் அட்டை இருக்கிறதே, பார்த்துவிடுவோம் என்றார். மூன்று ஊர் அட்டைகளையும் ஒன்றாக அடுக்கினார்கள். முதலில் ஸ்ட்ரெப்டோமைசின் துளையில் கம்பி போனது. கணிசமாக விழுந்தன. விழுந்ததை அடுக்கிக் காதுத் துளையில் கம்பியைக் கோத்து எபனேசர் உலுக்கினார்.

உப்பளத்து அட்டைகள் சில விழுந்தன. உடன்குடி அட்டைகள் சில விழுந்தன. வெள்ளத்துரைக்கு முகம் மாறிவிட்டது. சுடலைமாடன் என்ற பனையேறியின் அட்டையைக் கையில் எடுத்து, “இவன் ரெண்டு வாரமாச் சொல்லிக்கிட்டிருக்கான் அண்ணாச்சி. நான் காதுல அழுக்குன்னு நெனச்சு எண்ணெய் விடச் சொன்னேன்” என்றார். எபனேசர் யோசிக்கவே இல்லை. விழுந்த அட்டைக்காரர்கள் எல்லாருக்கும் நாளையே ஊசியை நிறுத்தி மருந்தை மாற்ற வேண்டும் என்றார்.

பிறகுதான் கம்பியைப் பார்த்தார். ஆலந்தலை அட்டைகள் ஒன்றுகூட விழாமல் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு உலுக்கு உலுக்கினார். விழவில்லை.

“ஆக்னஸ், உங்க ஆளுங்க ஒருத்தருக்குமே இல்லையே!”

இந்த இடத்தில் யாராவது ஒருவர் அந்தக் கருப்பட்டிக் காப்பி ஞாயிறை நினைத்திருக்கலாம். மூன்று பேருமே கெட்டிக்காரர்கள், மூன்று பேரும் சேர்ந்து போட்ட விதி. ஆனால் சேர்ந்து போட்ட விதியில் ஒரு சங்கடம் உண்டு. அதை ஞாபகம் வைத்துக்கொள்வது மற்ற இருவர் வேலை என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகிறோம். எபனேசர் கையில் கம்பியோடு அறைக்குள் நடந்தார். ஒரே ஊசி, ஒரே அளவு, இரண்டு ஊரில் காது கெடுகிறது, மூன்றாவது ஊரில் இல்லை. அந்த மூன்றாவது ஊரில் தினமும் மீன். அவர் கண் பளபளத்தது. “மீன்ல என்னமோ இருக்கும்மா! இதை மதுரையில நடக்குற டாக்டருங்க கூட்டத்துல வாசிச்சே ஆகணும்” என்றார்.

ஆக்னஸுக்கு என்னமோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை. இரண்டு பெரியவர்களும் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள், திருச்செந்தூர் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது உறுத்தல் தூங்கிவிட்டது. மறுநாள் ஊசிக்கு வந்த ரோச்சிடம், “நல்லா மீன் சாப்பிடு, காதுக்கு நல்லது” என்று சொன்னாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினான்.

சுடலைமாடனுக்கு ஊசி நின்றது. ரோச்சுக்குத் தொடர்ந்தது.

ரோச்சின் நடை அதற்குப் பிறகு மாறியது. மணலில் கால் பின்னியது. பொழுது சாய்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஊர் மூப்பன் வீட்டுக் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் தடுமாறிப் பந்தலில் சாய்ந்தான். சாராயக்கடைகளை அரசாங்கம் மூடியிருந்த காலம். மூடினால் என்ன, கிடைக்கிற இடம் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் என்று ஊர் சொன்னது. ரோச் குடியை விட்டு அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த நேர்ச்சைக்கு முன்னால் அவன் எப்படிக் குடித்தான் என்பது கிளாடிஸுக்குத் தெரியும். அதனால் அவன் குடிக்காமல் இருக்கிறான் என்று அவள் நம்பவில்லை.

“எங்கன குடிச்சீரு? சொல்லும்! நேந்துக்கிட்டு ஏமாத்துறீரா? சாமிக்கும் பயமில்லையா உமக்கு?” தெருவில் நிற்கவைத்து ஏசினாள். இது வழக்கமான ஏச்சு இல்லை. அதில் அழுகை இருந்தது. வீட்டு வாசலில் எல்லாரும் வந்து நின்றார்கள். ரோச், “குடிக்கலளா, சத்தியமாக் குடிக்கல” என்றான். அவன் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. அதையும் குடி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அவள் அந்த வாரம் முழுக்க ஏசினாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் சிரிக்கவில்லை. கோபம் என்று அவள் நினைத்தாள்.

உண்மை வெளிப்பட்டது ஒரு மத்தியான வேளையில். கோயிலில் பகல் மணி அடித்தால் ஆலந்தலையில் எந்த வேலையும் நிற்கும். வலை பின்னுகிறவர் ஊசியை வைத்துவிடுவார், மீன் விற்கிறவள் தராசை இறக்கிவிடுவாள், எல்லாரும் எழுந்து சிலுவை போட்டுத் திரிகால ஜெபம் சொல்வார்கள். அன்றைக்கு எக்ஸ்ரே பார்ப்பதற்காக ரோச்சும் கிளாடிஸும் வராந்தாவில் காத்திருந்தார்கள். மணி அடித்தது. வராந்தா முழுக்க எழுந்தது. அறைக்குள்ளிருந்த ஆக்னஸும் எழுந்து, கதவு வழியே பார்த்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினாள்.

எல்லாரும் நின்றுகொண்டிருந்த வராந்தாவில் ரோச் மட்டும் உட்கார்ந்திருந்தான். சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காய்ச்சல் கொதித்த நாளில்கூட அந்த மணிக்கு எழுந்து நின்றவன் அவன். கிளாடிஸ் முழங்கையால் இடித்தாள். திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தான். எல்லாரும் நிற்பதைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, தடுமாறிச் சுவரைப் பிடித்து, சிலுவை போட்டான்.

ஆக்னஸின் ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. ஊசிகள் வைக்கிற எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். ரோச்சின் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தரையில் போட்டாள். ஒரு குழந்தை வீறிட்டது. கிழவர் ஒருவர், “ஏசுவே!” என்றார். ரோச் திரும்பவில்லை.

கிளாடிஸ் தரையில் கிடந்த தட்டைப் பார்த்தாள், அவன் முதுகைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். “என்ன டாக்டரம்மா இது?” என்றாள். ஆக்னஸுக்கு அந்த நிமிஷம்தான் கருப்பட்டிக் காப்பி ஞாயிறு முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. தான் சொன்ன வார்த்தைகளும் வந்தன. அவங்களுக்குக் காதுத் துளையை வெட்ட வேண்டாம்.

ஊசியை அன்றே நிறுத்தினாள். தோணிக்காரர்கள் மற்ற மூவருக்கும் நிறுத்தினாள். அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதோடு தப்பித்தார்கள். ரோச்சைப் பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் அவளே பஸ்ஸில் கூட்டிப் போனாள். அவர் இசைக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துப் பார்த்துவிட்டு, “நரம்பு போயிட்டுது. இனி வராது. ரெண்டு மாசம் முன்னாடி நிறுத்தியிருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்” என்றார். இரண்டு மாதம் முன்பு என்றால் அந்த மீன் ஞாயிறு. திரும்பி வருகிற பஸ்ஸில் ரோச் ஜன்னலுக்கு வெளியே பனைகளைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகவே வந்தான். மார்பு சுத்தமாகிவிட்டது என்று எக்ஸ்ரேயைக் காட்டி அவனிடம் சைகையில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆக்னஸ் அட்டைகளைக் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு போய் எபனேசரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“என் ஆளுங்க அட்டை விழாததுக்குக் காரணம் மீன் இல்ல சார். நாம வெட்டலை. வெட்டாத அட்டை எப்படி விழும்?”

எபனேசருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதுரையில் வாசிப்பதற்காக டைப் அடித்து வைத்திருந்த தாள்கள் மேசையில் இருந்தன. அவற்றை மெல்லக் கவிழ்த்து வைத்தார். வெள்ளத்துரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, “மடி வலைன்னு கேலி பண்ணுனவன் நான்தான்” என்றார். “விட்டுக்கொடுத்தவ நான் சார்” என்றாள் ஆக்னஸ். “நல்லாயிருக்குன்னு மெச்சுனது நான்” என்றார் எபனேசர். துளைக்காகச் சண்டை போட்ட மாதிரியே பழியைத் தன்பக்கம் இழுப்பதற்கும் சண்டை போட்டார்கள். அதனால் ரோச்சுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

எபனேசர் பிடித்ததை விடாதவர். புது அட்டை அடித்தார்கள். தொழிலை வைத்து எந்த நோயையும் சும்மா எண்ணிக்கொள்ளக் கூடாது, வழக்கமான நோவானாலும் வெட்ட வேண்டும், பழைய நோவு அதிகமானால் அதற்கு வேறொரு துளை என்று விதி மாறியது. அதற்குப் பிறகு அந்த அட்டைகள் உண்மையாகவே நன்றாக வேலை செய்தன. திருச்செந்தூர்ப் பக்கம் இன்னும் சில டாக்டர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் மதுரைக் கூட்டத்தில் எபனேசர் வேறு கட்டுரை வாசித்தார். தங்கள் தவறையும் மறைக்காமல் சொன்னார். நேர்மையான மனிதர்கள் என்று கைதட்டினார்களாம். வெள்ளத்துரையும் உடன் போயிருந்தார். சுடலைமாடன் மறுபடியும் பனை ஏறுவதையும், கீழேயிருந்து பெண்டாட்டி கூப்பிட்டால் உச்சியிலிருந்து பதில் சொல்வதையும் அவர் எல்லாரிடமும் சொன்னாராம்.

ஆக்னஸ் மதுரைக்குப் போகவில்லை. கூட்டம் நடந்த அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியைப் பூட்டிக்கொண்டு ரோச் வீட்டுக்குப் போனாள். அதுவரைக்கும் ஒருநாளும் அங்கே போகத் துணிந்ததில்லை.

ரோச் வாசலில் பூவரச நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. இனிக் கடலுக்கடியில் இறங்க முடியாது. நிலை தெரியாமல் மேலே எது கீழே எது என்று குழம்பிவிடும். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து, ஊருக்கே கேட்கிற குரலில், “வாங்க டாக்டரம்மா!” என்று சிரித்தான்.

தெருவில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. கிளாடிஸ் குசினியிலிருந்து வந்து ஒரு ஸ்டூலைப் போட்டாள். காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதுவரைக்கும் ஒரு சத்தம் இல்லை. அப்போதுதான் ஆக்னஸுக்கு என்ன குறைகிறது என்று தெரிந்தது.

“நான் பொறுப்புன்னு சொன்னேன் கிளாடிஸ்” என்றாள். “தப்பு என்னோடது. காது போறது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நீ அதைக் கேட்டு என்னை ஏசணும்னுதான் வந்தேன்.”

கிளாடிஸ் அவளையே பார்த்தாள். “உங்களை எதுக்கு டாக்டரம்மா ஏசணும்? உசுரைக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க” என்றாள். பிறகு புருஷன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் ஏச்சை விட்டுட்டேன். யாரையும் ஏச வரமாட்டேங்கு. குடிக்காத மனுசனைக் குடிச்சீருன்னு ஊரு கேக்க ஏசுனேன் பாத்தீங்களா, அதுக்கு அப்புறம் அவருக்கு ஒண்ணும் கேக்கலை. என் வாயில இருந்து அவரு கடைசியாக் கேட்டது அதுதான்.”

ஆக்னஸ் தம்ளரைக் கீழே வைத்தாள். தன்மேல் பழியைப் போட்டு இந்தப் பெண்ணின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கலாம் என்று நினைத்து வந்திருந்தாள். அது இறங்குகிற பாரமாக இல்லை.

இரண்டு பெண்களின் வாயும் அசைவதை ரோச் நிழலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வலை ஊசியை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினான்.

“என்னளா?” என்று கத்தினான். “டாக்டரம்மாகிட்டயும் என்னைத்தான் ஏசுதியா?”

கிளாடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். ஆமாம் என்று நன்றாகத் தெரியும்படி தலையை ஆட்டினாள். கையையும் நீட்டி இரண்டு தரம் ஆட்டினாள். அவன் உதட்டோரம் சிரித்துவிட்டு மறுபடி வலையை எடுத்துக்கொண்டான்.